கடுவன் நேற்றிலிருந்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. ஆமணக்கெண்ணெய் கொடுக்கலாமா?

மல்லாவிக்காரன் | வெள்ளி, காலை 8.52

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கடுவனுக்கு வயது நாலு இருக்கும். குட்டியில் அடுப்புச் சாம்பலுக்குள் புரண்டு படுப்பான், அதனால் பெயரே சாம்பல். நேற்றுப் பின்னேரம் தொடக்கம் கோடிப்புறத்துச் சாம்பல் குவியலில் போய்க் குந்துகிறான், முக்குகிறான், எழும்பி இரண்டடி தள்ளித் திரும்பக் குந்துகிறான். இரவு முழுக்க அனுங்கல். சோறும் மீனும் வைத்தது வைத்தபடி கிடக்கிறது. விடியப்புறம் ஒருக்கால் மஞ்சள் தண்ணியாகச் சத்தி எடுத்தான்.

அம்மா மலச்சிக்கல் என்கிறார். ஒரு கரண்டி ஆமணக்கெண்ணெய் பருக்கினால் சரியாகிவிடுமாம். உடம்பு சுடுகிறது, கால்வாசி பனடோல் கரைத்துக் கொடுப்போமா என்று தங்கச்சி கேட்கிறாள். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்பையா65 | வெள்ளி, காலை 9.10

தம்பி, பயப்பட ஒன்றும் இல்லை. நாங்கள் அந்தக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு பூனை வளர்த்தோம், ஒன்றையும் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனதில்லை. பூனைக்குத் தன் வைத்தியம் தெரியும். அறுகம்புல்லைக் கடித்துச் சத்தி எடுத்துவிட்டு இரண்டு நாள் ஒதுங்கிப் படுக்கும், மூன்றாம் நாள் எழும்பி வரும். ஆமணக்கெண்ணெய் அரைக் கரண்டி போதும்.

கிளி_பூனைக்காரி | வெள்ளி, காலை 9.14

தம்பி எண்ணெயும் வேண்டாம், பனடோலும் வேண்டாம். ஒன்றுமே வாயில் ஊற்ற வேண்டாம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்: நேற்றிலிருந்து அவன் மூத்திரம் பெய்ததைக் கண்ணால் கண்டீர்களா? மலம் இல்லை, மூத்திரம்.

பேராதனை_பெட்டை | வெள்ளி, காலை 9.21

புதுக்குடியிருப்புப் பிள்ளை நான், பேராதனையில் கால்நடை வைத்தியம் படிக்கிறேன், கடைசி வருடம். இன்னும் வைத்தியர் ஆகவில்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறேன்.

அக்கா கேட்டதுதான் இங்கே முக்கியமான கேள்வி. கடுவன் பூனை திரும்பத் திரும்பக் குந்தி முக்கினால் பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் மலச்சிக்கல் என்றுதான் நினைப்பார்கள். அந்த நினைப்பில் ஒரு நாள் போய்விடும். கடுவனின் சிறுநீர்க் குழாய் நுனிக்குப் போகப்போக ஊசித் துவாரம் மாதிரி ஒடுங்கும். சிறுநீர்ப் பையில் உண்டாகும் மணல் போன்ற பளிங்கும் சளியும் சேர்ந்து அந்த இடத்தில் தக்கை போல அடைத்துக்கொள்ளும். சிறுநீர் வெளியேறாவிட்டால் அதில் போக வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறும், இதயத் துடிப்பு மந்தமாகும். முழுதாக அடைத்த கடுவன் இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். சத்தி வந்துவிட்டது என்றால் உடம்பில் நஞ்சு ஏறத் தொடங்கிவிட்டது என்று எடுங்கள்.

அண்ணா, அவன் நிற்கும்போது பின்னங்கால்களுக்கு முன்னால் வயிற்றின் அடியில் விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். எலுமிச்சம்பழமோ சின்னத் தோடம்பழமோ போல இறுகி உருண்டையாக ஏதும் தட்டுப்படுகிறதா? தொட்டாலே சீறுகிறானா? அமத்த வேண்டாம், பை வெடிக்கலாம்.

உடம்பு சுடுவது காய்ச்சலாக இருக்க வேண்டும் என்றில்லை. பூனையின் சாதாரண வெப்பமே 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை. நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும்.

மல்லாவிக்காரன் | வெள்ளி, காலை 9.33

மூத்திரம் கண்டதாக ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. சாம்பல் குவியலைக் கிளறிப் பார்த்தேன், ஈரம் என்று ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில் மட்டும் ரோசா நிறத்தில் ஒரு சொட்டு. பின்பக்கத்தை விடாமல் நக்குகிறான், அந்த இடம் சிவந்திருக்கிறது. வயிற்றைத் தொடவே கையைக் கடித்துவிட்டான். உருண்டை இருக்கிறது, நல்ல இறுக்கம்.

இங்கே உள்ள அரச கால்நடை வைத்தியர் மாட்டுக்கு ஊசி போட ஊருக்குள் போய்விட்டாராம், பின்னேரம்தான் வருவாராம். அதுவரை பொறுக்கலாமா?

பேராதனை_பெட்டை | வெள்ளி, காலை 9.36

பொறுக்க வேண்டாம். பின்னேரம் என்றால் ஒரு நாள் முழுதாக முடிந்துவிடும்.

மாங்குளம் போய் ஏ9 வீதியில் ஏறினால் வடக்கே கிளிநொச்சி, தெற்கே வவுனியா. இரண்டு பக்கமும் செல்லப்பிராணி பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். புறப்பட முன்னம் போன் எடுத்து இப்படியே கேளுங்கள்: "கடுவன் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு, பூனைக்குப் போடும் கத்தீற்றர் உங்களிடம் இருக்கிறதா, இன்றைக்குப் போடுவீர்களா?" இல்லை என்றால் அடுத்த ஆளுக்கு எடுங்கள். நம் பக்கத்து அரச அலுவலகங்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிக்கு என்று அமைந்தவை. வைத்தியர் நல்லவராக இருப்பார், ஆனால் அந்த மெல்லிய குழாய் அலமாரியில் இருக்காது. போய் நின்று கேட்பதைவிட வீட்டில் இருந்தே கேட்டுக்கொள்வது மேல்.

கிளி_பூனைக்காரி | வெள்ளி, காலை 9.41

தம்பி, உரப்பைக்குள் போட்டு வாயைக் கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோக வேண்டாம். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். இந்த வெயிலுக்கு உள்ளேயே அவிந்துபோகும்.

வீட்டில் உடுப்புப் போடும் ஓட்டைக் கூடை இரண்டு இருந்தால் ஒன்றை நிமிர்த்தி வைத்துப் பூனையை உள்ளே விட்டு, மற்றதைக் கவிழ்த்து மூடி, விளிம்போடு விளிம்பு சேர்த்து நைலோன் கயிற்றால் நாலு இடத்தில் கட்டுங்கள். அடியில் பழைய சாரம் ஒன்று. மேலே ஈரத் துவாயை அரைவாசிக்குப் போடுங்கள், இருட்டாக இருந்தால் கத்தமாட்டான். பிடிக்கும்போது தலையணை உறையாலோ துவாயாலோ கழுத்துவரை சுற்றிப் பிடியுங்கள். பஸ்ஸில் ஏற்றுவார்களோ தெரியாது, ஓட்டோ பிடித்தால் நல்லது.

மற்றது, கடித்தான் என்றீர்கள். கையைக் கழுவினீர்களா? ஓடும் தண்ணியில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம்.

மல்லாவிக்காரன் | வெள்ளி, காலை 10.05

கிளிநொச்சியில் ஒருவர் வரச் சொல்லிவிட்டார். ஓட்டோ வந்துவிட்டது. கூடைதான் கட்டியிருக்கிறோம். கை கழுவினேன் அக்கா.

அப்பையா65 | வெள்ளி, காலை 10.30

தம்பியின் பூனை சுகமாகட்டும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். எல்லாவற்றுக்கும் ஓட்டோ பிடித்து வைத்தியரிடம் ஓடினால் கட்டுமா? பூனை கொஞ்சம் சோர்ந்து படுத்தாலே நஞ்சு, இரத்தம் என்று பயப்படுத்துகிறீர்கள். அந்தக் காலத்தில் நாங்கள் பனடோலும் கொடுத்திருக்கிறோம்.

கிளி_பூனைக்காரி | வெள்ளி, காலை 10.58

ஐயா, கோபிக்க வேண்டாம். பனடோல் பற்றி என் கதையைச் சொல்கிறேன்.

என்னிடம் இப்போது ஏழு பூனை. எட்டாவதாக இருந்தது செம்பி. நாலு வருடத்துக்கு முன் மழைக்காலத்தில் ஒரு நாள் தும்மலும் மூக்கொழுகலுமாக இருந்தாள். எனக்கும் தடிமன். நான் ஒரு பனடோல் போட்டுக்கொண்டு, பாவம் என்று அவளுக்கும் அரைக் குளிசையைத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். மத்தியானம் கொடுத்தது. பொழுதுபடும்போது அவள் முகத்தைப் பார்த்தால் குளவி கொட்டினது போல வீங்கியிருக்கிறது. முன்னங்கால் பாதமும் வீக்கம். வாயைத் திறந்து மூச்சு விடுகிறாள். உதட்டைத் தூக்கி முரசை, அதாவது பல்லீறைப் பார்த்தேன், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் கோப்பிக் கறை மாதிரி மண்ணிறம். விடியமுன் போய்விட்டாள். தடிமன் அவளைக் கொன்றிருக்காது. நான் கொடுத்த மருந்துதான் கொன்றது.

அந்தக் காலத்தில் கொடுத்தோம் என்கிறீர்கள். இரண்டு நாள் ஒதுங்கிப் படுத்து மூன்றாம் நாள் எழும்பாமல் விட்ட பூனைகள் எத்தனை ஐயா? அவை பற்றைக்குள் போய்ச் சாகும். நாங்கள் "எங்கேயோ போய்விட்டது" என்போம்.

பேராதனை_பெட்டை | வெள்ளி, காலை 11.20

அக்கா, அது உங்கள் பிழை என்று எடுக்காதீர்கள், வீடுகளில் நிறையவே நடப்பது அது. பனடோலில் உள்ள பரசிற்றமோலை நம் ஈரல் உடைத்து வெளியேற்றப் பயன்படுத்தும் ஒரு நொதியம் பூனையிடம் மிகக் குறைவு. உடையாத மருந்து இரத்தத்தின் சிவப்பணுக்களைக் கெடுத்துவிடும். இரத்தம் ஒட்சிசனைத் தூக்க முடியாமல் மண்ணிறமாகும். அதைத்தான் முரசில் கண்டிருக்கிறீர்கள். 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே ஒரு வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும், அதில் கால்வாசியும் பாதுகாப்பு இல்லை. யாராவது தெரியாமல் கொடுத்துவிட்டால் அறிகுறி வரும்வரை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். முறிப்பு மருந்து உண்டு, ஆனால் மணித்தியாலக் கணக்கில் கொடுக்க வேண்டும். என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு என்று வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று மறைக்கிறவர்களை நான் கிளினிக்கிலேயே கண்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு சாமான் நம் வளவுகளில் இருக்கிறது. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை மிச்சம் இருக்கிறதே என்று பூனையில் பூசுவார்கள். நாய்க்குக் கழுத்தில் விடும் தெள்ளு மருந்தையும் அப்படித்தான். பெர்மெத்ரின் சேர்ந்த நாய் மருந்து பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் கொண்டுவரும். தெள்ளுக்குப் பூனைக்கென்றே எழுதிய மருந்து வேண்டும், அதுவும் நிறையைப் பார்த்து. மற்றது டெற்றோல். காயத்தைக் கழுவ நல்லது என்று ஊற்றுவோம், பூனை நக்கி அதை உள்ளே எடுத்துவிடும். ஆறவைத்த உப்புத் தண்ணி போதும், அரை லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு.

முல்லைக்கடல் | வெள்ளி, மத்தியானம் 12.15

எங்கள் பக்கம் வலையும் தூண்டிலும்தான். போன மாதம் மீன்வாடிப் பூனை ஒன்று இரை குத்திய தூண்டிலை விழுங்கி, தங்கூசி நூல் வாய்க்கு வெளியே ஒரு சாண் தொங்கியது. நான் இழுக்கப்போக, பக்கத்து வாடி அண்ணை கையைப் பிடித்துவிட்டார். சரியா செய்தார்?

பேராதனை_பெட்டை | வெள்ளி, மத்தியானம் 12.31

உங்கள் அண்ணைக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள். வாயிலோ பின்பக்கமோ நூல், தங்கூசி எது தொங்கினாலும் இழுக்கவே கூடாது. உள்ளே முனை எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரியாது. இழுத்தால் நூல் குடலை வாள் போல அறுக்கும். வெளியே தெரிவதையும் ஒட்ட வெட்டிவிடாமல் அப்படியே கொண்டுபோக வேண்டும்.

நெடுங்கேணி_மருமகள் | வெள்ளி, பின்னேரம் 3.40

இழைக்குள் குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். எனக்கு இப்போது நாலாம் மாதம். பூனை இருந்தால் பிள்ளைக்குக் கூடாது, கொண்டுபோய் வயலில் விடு என்று மாமி நிற்கிறார். ஆறு வருடம் வளர்த்த பூனை. உண்மையா?

பேராதனை_பெட்டை | வெள்ளி, பின்னேரம் 4.02

மாமி சொல்வதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது அக்கா. டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வரலாம், கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால் பிள்ளைக்குப் பாதிப்பு வரும். ஆனால் மலம் விழுந்த உடனே அது தொற்றாது, குறைந்தது ஒரு நாளாவது வெளியில் கிடந்துதான் தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே மணல் தட்டை ஒவ்வொரு நாளும் வேறு ஆள் துப்புரவாக்க வேண்டும், கணவர் இருக்கிறார்தானே. தோட்டத்து மண்ணில் கைவைத்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மரக்கறியை நன்றாகக் கழுவுங்கள், இறைச்சியை அரைவேக்காட்டில் சாப்பிட வேண்டாம். தொற்று இறைச்சியாலும் மண்ணாலும் வருவதும் நிறைய. பூனைக்குப் பச்சை இறைச்சி போட வேண்டாம். கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் வீட்டில் பூனை இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். பூனையைத் தடவுவதால் மட்டும் இது வந்துவிடாது.

ஓமந்தைச்சந்தி | வெள்ளி, பின்னேரம் 5.15

மாமிமாருக்கும் பூனைக்கும் அப்படி என்ன பகை என்று தனி இழை ஒன்று திறக்க வேண்டும்.

மல்லாவிக்காரன் | வெள்ளி, இரவு 9.48

இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். சாம்பல் வரவில்லை, அங்கேயே வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறான்.

போய்ச் சேரும்போது தலையைத் தூக்கமாட்டான். வைத்தியர் வயிற்றைத் தொட்டார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், முகம் மாறிவிட்டது. துடிப்பு மெதுவாகப் போகிறது என்றார். முதலில் காலில் மயிர் வழித்து சேலைன் ஏற்றினார், பிறகு மயக்க ஊசி. அந்தக் கத்தீற்றர் நான் நினைத்ததைவிட மெல்லியது, விளக்குமாற்று ஈர்க்கு அளவு. உள்ளே போகவில்லை. நுனியில் சேலைனைப் பீச்சிப் பீச்சி, விரலால் உருட்டி உருட்டி, கால்மணித்தியாலம் மல்லுக்கட்டினார். பிறகு வெள்ளையாகப் பற்பசை மாதிரி ஒரு துண்டு வெளியே வந்து விழுந்தது. இடியப்ப உரலில் கடைசியாக வரும் மா மாதிரி. அது விழுந்ததும் கீழே பிடித்த சில்வர்க் கோப்பைக்குள் கறுத்தத் தேத்தண்ணி நிறத்தில், இரத்தம் கலந்து, நிற்காமல் ஓடியது. கோப்பை அரைவாசிக்கு மேல் நிரம்பிவிட்டது. இவ்வளவும் இந்தச் சின்ன உடம்புக்குள்ளா இருந்தது என்று அம்மா வாயில் கை வைத்துவிட்டார்.

குழாயைத் தைத்து இரண்டு நாள் விட வேண்டுமாம். நாளைக் காலைவரை பொறுத்திருந்தால் கொண்டுவந்திருக்கவே தேவையில்லை என்றார் வைத்தியர்.

ஆமணக்கெண்ணெய்ப் போத்தல் இன்னும் மேசையில் நிற்கிறது. கிளி அக்கா, பேராதனைத் தங்கச்சி, உங்கள் இருவருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அப்பையா65 | சனி, காலை 6.20

தம்பி, இரவு வாசித்தேன். எண்ணெய் கொடுக்கச் சொன்னது என் பிழை. எங்கள் வீட்டுப் பழைய கடுவன் ஒன்றும் இப்படித்தான் குந்திக் குந்தி ஒரு நாள் காணாமல் போனது. இத்தனை வருடம் அதை நரி பிடித்தது என்று சொல்லிக்கொண்டு இருந்தேன்.

பிள்ளை, ஒன்று கேட்கிறேன். எதைக் கண்டால் உடனே ஓட வேண்டும், எதற்கு ஒரு நாள் பார்க்கலாம்? இங்கே எல்லாரிடமும் ஓட்டோக் காசு இல்லை. அதைச் சொன்னால் உதவி.

பேராதனை_பெட்டை | சனி, காலை 7.45

ஐயா, நல்ல கேள்வி. புத்தகத்தில் உள்ளபடி எழுதாமல் நம் ஊருக்கு ஏற்றபடி எழுதுகிறேன்.

இரவானாலும் போக வேண்டியவை: கடுவன் குந்தியும் சிறுநீர் வராதது. வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சு வாங்குவது. நாய் வெயிலுக்கு அப்படிச் செய்யும், பூனை சும்மா இருக்கும்போது அப்படி மூச்சு விட்டால் ஆபத்து. முரசு வெள்ளை, நீலம், மண்ணிறமாக மாறுவது. வலிப்பு. பின்னங்கால் இரண்டும் திடீரென்று இழுபட்டு, பாதம் குளிர்ந்து, வலியில் கத்துவது: இரத்தக் கட்டி அடைத்திருக்கலாம், வண்டியில் அடிபட்டும் இருக்கலாம். பாம்புக் கடி. குட்டி போட முக்கிக்கொண்டு அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றும் வராதது.

நஞ்சும் இதில் அடங்கும். வயலுக்கு அடித்த பூச்சிநாசினி பட்டால் வாயால் வாணி ஒழுகும், கண்மணி ஊசிமுனை போல ஒடுங்கும், தசை துடிக்கும். எலி மருந்து வேறு மாதிரி. இரத்தம் உறையாமல் பண்ணும் வகை என்றால் மூன்று நாலு நாள் பூனை நன்றாகத்தான் இருக்கும், பிறகுதான் மூக்காலும் மலத்தாலும் இரத்தம் வரும். அந்த எலியைப் பிடித்துத் தின்ற பூனைக்கும் வரலாம். நெல் மூட்டை அடுக்கும் காலத்தில் எலி மருந்து வைத்தால் பக்கெற்றை எறிய வேண்டாம். வைத்தியர் முதலில் கேட்பது என்ன மருந்து என்றுதான்.

அன்றைக்கோ மறுநாளோ போக வேண்டியவை: ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாதது. பூனை நாய் மாதிரி இல்லை ஐயா, கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். குட்டி என்றால் அரை நாளே அதிகம். திரும்பத் திரும்பச் சத்தி, இரத்தம் கலந்த கழிச்சல், ஒரு கண் மூடியபடி இருப்பது, மூன்று காலில் நடப்பது. ஒரே ஒரு தடவை மயிர் உருண்டையைக் கக்கிவிட்டு மீன் கேட்டுக் கத்துகிற பூனையை விட்டுவிடலாம். ஒரு தும்மல், லேசான கழிச்சல், ஆனால் சாப்பிட்டு விளையாடுகிறது என்றால் ஒரு நாள் பார்க்கலாம்.

பூனை வருத்தத்தை ஒளிக்கும். கத்திச் சொல்லாது. கூரையில் ஏறுகிறது ஏறாமல் விடும், தன்னை நக்குவதை நிறுத்தும், மயிர் ஈரப் பாய் மாதிரி ஒட்டிக்கிடக்கும், அலுமாரிக்குப் பின்னால் போய் இருக்கும். அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்க உங்களை விட நல்ல ஆள் இல்லை. படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்குக் கீழே இருந்தால் நல்லது, 40ஐத் தாண்டினால் போன் எடுங்கள்.

ஓமந்தைச்சந்தி | சனி, காலை 9.05

எங்கள் வீட்டில் நாலு குட்டி, ஒரே கிழமையில் மூன்று செத்துவிட்டது. முதல் நாள் சோர்வு, அடுத்த நாள் சத்தியும் நாற்றக் கழிச்சலும், தண்ணிக் கோப்பைக்கு மேல் தலையைத் தொங்கப்போட்டபடி இருக்கும், குடிக்காது. யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டோடு சண்டை பிடித்துவிட்டோம்.

பேராதனை_பெட்டை | சனி, காலை 9.30

தண்ணிக்கு மேல் தலை தொங்கியது என்றதும் எனக்குப் பூனைப் பார்வோதான் முதலில் ஞாபகம் வந்தது. பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் பலகாரம் கொடுத்துச் சமாதானமாகிவிடுங்கள். குட்டிகளை அடுக்கடுக்காகக் கொல்லும் நோய் அது. அந்த வைரசு மண்ணில், பாயில், கூடையில் ஒரு வருடம்கூடக் கிடக்கும். டெற்றோலுக்கும் சவர்க்காரத்துக்கும் சாகாது, குளோரின் கரைசலுக்குச் சாகும். துணியை எரியுங்கள், சீமெந்து நிலத்தைக் குளோரினால் கழுவிக் காயவிடுங்கள், பூனையை அப்போது கிட்ட விட வேண்டாம். தடுப்பூசி போடாத புதுக் குட்டியை அந்த வீட்டுக்கு இப்போதைக்குக் கொண்டுவர வேண்டாம்.

மிஞ்சியதைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோங்கள். ஆறு எட்டுக் கிழமை வயதில் தொடங்கி மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கால் என்று 16 கிழமை வரை போடுவார்கள்.

கிளி_பூனைக்காரி | சனி, காலை 10.10

விசர் நோய்க்கும் சேர்த்துப் போடுங்கள். எங்கள் பக்கம் நாய்க்கு ஊசி போட வந்தபோது கூடையோடு என் ஏழையும் கொண்டுபோய் வரிசையில் நின்றேன். சிரித்தார்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டார்கள்.

மல்லாவித் தம்பி, உங்களைக் கடித்தானே. சாம்பலுக்கு ஊசி போட்டிருக்கிறதா? இல்லை என்றால் காயம் சின்னது என்று விடாமல் அரச வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள். விசர் வந்தபிறகு மருந்து இல்லை.

மல்லாவிக்காரன் | சனி, மத்தியானம் 1.20

போடவில்லை அக்கா. நேற்று அந்த அவசரத்தில் என் கையை மறந்தே போனேன். இன்று காலை போனேன், ஊசி தொடங்கிவிட்டார்கள். பூனையைக் கவனித்து ஏதும் மாற்றம் என்றால் உடனே சொல்லச் சொன்னார்கள். கடித்த இடம் வீங்கியும் இருக்கிறது, அதற்கு வேறு மருந்து.

முல்லைக்கடல் | சனி, பின்னேரம் 4.45

இங்கே பூனைகள் பச்சை மீனிலேயே வளருது. சூடை, நெத்தலி, குடல், தலை எல்லாம். அதிலும் பிழை இருக்கிறதா, அல்லது அதையாவது விட்டு வைப்பீர்களா?

பேராதனை_பெட்டை | சனி, பின்னேரம் 5.30

கொஞ்சம்தான் பிழை அண்ணை. சில மீன்களைப் பச்சையாக நெடுகக் கொடுத்தால் அதில் உள்ள ஒரு பொருள் விற்றமின் பி1ஐ அழித்துவிடும். பூனை தலை குனிந்து தள்ளாடும், வலிப்பு வரும். அவித்தால் அந்தப் பொருள் செயல் இழந்துவிடும். ஆகவே அவித்து, முள் எடுத்து, இடையில் கோழி ஈரலோ முட்டையோ சேர்த்துக் கொடுங்கள். வெங்காயம், உள்ளி போட்ட குழம்பைச் சோற்றில் பிசைந்து வைக்க வேண்டாம், அவை பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். பாலும் பல வளர்ந்த பூனைகளுக்குச் செமிக்காது, வயிற்றால் போகும்.

மல்லாவிக்காரன் | ஞாயிறு, இரவு 8.15

குழாயைக் கழற்றிவிட்டார்கள். தானாகவே பெய்தான் என்று பார்த்துத்தான் தந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நேரே சாம்பல் குவியலுக்கு ஓடினான், நாங்கள் மூன்று பேரும் பின்னால் ரோச் லைற்றோடு. கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பான்.

திரும்ப வரக்கூடும், முதல் சில கிழமை கவனம் என்று வைத்தியர் சொன்னார். இடையில் காய்ந்த தீன் உருண்டை கொடுத்ததை நிறுத்தி, மீனை உப்பில்லாமல் அவித்துத் தண்ணியோடு வைக்கச் சொன்னார். எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, கேத்தலில் வெள்ளையாகப் படியும். அதுதான் காரணமோ என்று அப்பா கேட்கிறார்.

பேராதனை_பெட்டை | ஞாயிறு, இரவு 8.50

சுண்ணாம்பைவிட அவன் எவ்வளவு குடிக்கிறான் என்பதுதான் பெரிய காரணம் அண்ணா. சிறுநீர் கட்டியாகிவிட்டால் பளிங்கு படியும். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் வளவில் மூன்று நாலு இடத்தில் அகலக் கோப்பையில் தண்ணி வையுங்கள், ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள். சாம்பல் குவியலுக்குப் பதில் மணல் தட்டு ஒன்று பழக்குங்கள். சாம்பலில் ஈரம் காய்ந்துவிடும். மணல் என்றால் எத்தனை தரம் பெய்தான் என்று கட்டியை எண்ணலாம். வீட்டில் புது நாய், புதுப் பூனை, இடமாற்றம் என்று ஏதும் நடந்ததா? மனக்கலக்கமும் இதைக் கிளப்பும்.

மல்லாவிக்காரன் | ஞாயிறு, இரவு 9.02

போன கிழமை தங்கச்சி ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்தவள். இப்போதுதான் விளங்குகிறது.

மல்லாவிக்காரன் | புதன், காலை 6.40

நாய்க்குட்டி பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டது, தங்கச்சி என்னோடு கதைப்பதில்லை. மணல் தட்டில் இன்று காலை மூன்று ஈரக் கட்டி. அம்மா போன் எடுத்து ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு இருக்கிறார். படம் போடட்டுமா?

கிளி_பூனைக்காரி | புதன், காலை 6.44

வேண்டாம் தம்பி, நம்புகிறோம்.